ரயில் வந்த பிறகும் மார்கேட்டுக்கு நீராவிப் படகு ஓடியது எப்படி?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி: இங்கிலாந்தின் மார்கேட் என்ற கடற்கரை ஊருக்கு 1846-லேயே ரயில் போய்விட்டது என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் பழைய புத்தகக் கடையில் நீங்கள் வாங்கிய, 1930-களைச் சேர்ந்தது என்று கடைக்காரர் சொன்ன தபால் அட்டையில், அதே ஊர்ப் படகுத்துறையில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் நிற்கிறது. ஜனங்கள் திபுதிபுவென்று இறங்குகிறார்கள். ரயில் வந்தால் படகுக்கு என்ன வேலை, இரண்டில் எது தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். லண்டனிலிருந்து மார்கேட்டுக்கு நீராவிப் படகு ஓடத் தொடங்கியது 1815-ல். அந்த வழக்கமான சேவை ஓய்ந்தது 1966-ல். ரயிலோடு போட்டியிட்டே 120 வருஷம் ஓடியிருக்கிறது. ரயில் அதன் தொழிலை மாற்றியதே தவிர, அதைக் கொல்லவில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சரித்திரம் படித்தவன் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவன். முதல் இரண்டு கப்பல்கள் நீராவி, மற்றதெல்லாம் டீசல். ஓய்வுக்குப் பிறகு லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தபோது இந்தத் தேம்ஸ் படகுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆகையால் இயந்திர விஷயத்தைத் தைரியமாகச் சொல்வேன். ஊர்க்கதைகளில் எது உறுதி, எது ஆட்டம் காண்கிறது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

மார்கேட் இருப்பது கென்ட் பகுதியின் வடகிழக்கு மூலையில், தேம்ஸ் கடலில் கலந்து முடியும் இடத்துக்குத் தெற்கே. 18-ஆம் நூற்றாண்டில் கடல்நீரை மருந்தாக டாக்டர்கள் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும். 1730-களிலேயே மார்கேட்டில் கடல்நீர்க் குளியல் தொட்டிக்குப் பத்திரிகை விளம்பரம் வந்திருக்கிறது. ஆனால் லண்டன்காரன் அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. குதிரை வண்டி காசு அதிகம். ஏழை நடுத்தரங்களுக்கு இருந்தது 'ஹோய்' என்ற ஒற்றைப் பாய்மரப் படகு. கென்ட்டில் விளைந்த தானியத்தை லண்டனுக்கு ஏற்றிக்கொண்டு போகும். திரும்பும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். காற்றும் ஓதமும் (கடல்நீர் ஏறி இறங்குவது) ஒத்துவந்தால் எட்டு ஒன்பது மணி நேரம். காற்று எதிர்த்து அடித்தால் இரண்டு நாள், மூன்று நாள்கூட ஆகும். கையில் கட்டிக்கொண்டு போன சோறு முதல் நாளே தீர்ந்துவிடும். கீழ்த்தளத்தில் வாந்தியும் வைக்கோலுமாகப் படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

நீராவி இங்கேதான் நுழைகிறது. வேகம் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரம்பத்தில் நல்ல காற்று கிடைத்த ஹோய் நீராவிப் படகுக்குச் சமமாகவே ஓடியிருக்கும். நீராவி கொடுத்தது நேரத்துக்கு உத்தரவாதம். காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்விடலாம் என்று ஒருவன் திட்டம் போட முடிந்தது. வாடகை வீட்டுக்காரிக்கு 'இன்ன தேதி வருகிறோம்' என்று கடிதம் எழுத முடிந்தது. ஒரு கடற்கரை ஊர் விடுதியும் கடையுமாக வளர்வதற்கு இந்த நிச்சயம் போதும்.

அந்த முதல் படகின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயர் 'தேம்ஸ்'; ஆனால் பிறந்தது ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில், 'ஆர்கைல்' என்ற பெயரோடு. 1815-ல் அதை விலைக்கு வாங்கி டப்ளின் வழியாகக் கடலிலேயே ஓட்டி லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். இயந்திரம் 14 குதிரைத்திறன் என்பார்கள்; இன்றைக்கு ஒரு சின்ன டிராக்டருக்கு இருக்கிற அளவு. உயரமான புகைபோக்கியே பாய்மரமும் ஆனது. அதில் ஒரு பாய் கட்டிக்கொண்டார்கள். டப்ளினில் ஐசக் வெல்ட் என்ற பயண எழுத்தாளரும் அவர் மனைவியும் துணிந்து ஏறிக்கொண்டார்கள். வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் போகும்போது கரையில் இருந்த மாலுமிகள் புகையைப் பார்த்துவிட்டு, கப்பல் தீப்பிடித்துவிட்டது என்று காப்பாற்றக் கிளம்பி வந்தார்களாம். வெல்ட் சொன்ன விவரங்களின் வழியாகத்தான் இது நமக்குத் தெரிகிறது. கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் புகைபோக்கி வைத்த கப்பலைப் பார்த்தே இராதவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வாட்டர்லூ போர் நடந்த அதே ஜூன் மாதம் படகு லண்டன் சேர்ந்தது. அந்தக் கோடையிலேயே மார்கேட் ஓட்டம் தொடங்கியது.

ஜனங்கள் சும்மா ஏறிவிடவில்லை, பயந்தார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1817 ஏப்ரலில் நாரிச் ஊரிலிருந்து யார்மவுத் கடற்கரைக்குக் கிளம்பிய படகு ஒன்று துறையிலேயே கொதிகலன் வெடித்துச் சிதறியது. அதே வருஷ ஜூலையில் மார்கேட் போய்க்கொண்டிருந்த 'ரீஜென்ட்' விட்ஸ்டபிள் அருகே தீப்பிடித்து எரிந்தது, பயணிகள் தப்பினார்கள். நாரிச் விபத்துக்கு விசாரணைக் குழு போட்டது நாடாளுமன்றம். குழு சொன்னதை ஒரு இன்ஜினியராக இன்று படித்தாலும் தலையாட்டத் தோன்றுகிறது. கொதிகலன் வார்ப்பிரும்பில் கூடாது, தேனிரும்பிலோ செம்பிலோ இருக்க வேண்டும். பாதுகாப்பு வால்வு இரண்டு வேண்டும். அதில் ஒன்று இன்ஜின் ஓட்டுபவன் கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும். கைக்கு எட்டினால் என்ன ஆகும் என்று கப்பலில் வேலை செய்த எவனுக்கும் தெரியும். போட்டிப் படகு முந்துகிறது என்றால் வால்வின் மேல் ஏதாவது பாரத்தைத் தூக்கி வைத்துவிடுவான்.

அடுத்த சிக்கல் இறங்குவது. மார்கேட்டில் ரென்னி என்ற இன்ஜினியர் கட்டிய கல் அலைதாங்கி 1815 வாக்கில் முடிந்திருந்தது; ஆனால் ஓதம் வற்றினால் துறைமுகமே சேறு. படகு வெளியே நிற்கும்; சிறு தோணியில் இறங்கி, அதிலிருந்து ஆள் தோளிலோ வண்டியிலோ கரை ஏற வேண்டும். பாவாடையும் தொப்பியுமாக வந்த சீமாட்டிகளுக்கு இது பெரிய அவமானம். 1824-ல் ஆழத்துக்கு நீட்டி ஒரு மர ஜெட்டி, அதாவது கடலுக்குள் நீளும் படகுத்துறை மேடை, கட்டினார்கள். துறைக் கம்பெனித் தலைவராக இருந்த ஜார்விஸ் பெயரில் அதை அழைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அது ஓதம் ஏறும்போது முழுகிவிடும்! தண்ணீர் இறங்கினால் ஜெட்டி, ஏறினால் கல் அலைதாங்கி என்று முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். நேரம் பார்க்காமல் கடைசி வரை உலாவப் போனவர்கள் அலைக்கு நடுவே மாட்டிக்கொண்டதும் உண்டு.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. ஹோய் காலத்தில், 1812-13-ல், வருஷத்துக்கு 17,000 பேர் அளவில் படகில் வந்துபோனார்கள். 1830-களின் நடுவில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கு துறைக் கம்பெனி தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த காசிலிருந்து வந்தது. காசு வாங்கியவன் எண்ணியது என்பதால் நம்பலாம். ஆனால் அதை ஒரு லட்சம் தனித்தனி மனிதர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரா வாரம் வந்த ஒருவர் பல தலைகளாக எண்ணப்பட்டிருப்பார்.

வாரா வாரம் வந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். குடும்பத்தைக் கோடை முழுக்க மார்கேட்டில் விட்டுவிட்டு, கணவன் லண்டனில் வேலை பார்ப்பான். சனிக்கிழமை படகு பிடித்துப் போய், திங்கள் காலை திரும்பிவிடுவான். சனிக்கிழமைப் படகுக்குக் 'கணவன்மார் படகு' என்றே பெயர். ஜெட்டியில் மனைவிமாரும் குழந்தைகளும் காத்து நிற்பது ஊருக்கே ஒரு காட்சி. கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல தீனி.

ஓவியர் டர்னரும் இந்தப் படகுகளின் வாடிக்கைக்காரர். சிறுவயதில் மார்கேட்டில் கொஞ்ச காலம் படித்தவர். பிற்காலத்தில் துறைமுகத்தை ஒட்டி, திருமதி பூத் என்பவர் வைத்திருந்த விடுதியில் தங்குவார். இதெல்லாம் உறுதி. ஆனால் 'டெமெரேர்' என்ற பழைய போர்க்கப்பலை நீராவிப் படகு ஒன்று உடைப்பதற்கு இழுத்துப்போகும் அவருடைய பிரபல ஓவியம் இருக்கிறதே, அந்தக் காட்சியை மார்கேட் படகின் மேல்தளத்தில் நின்று அவர் நேரில் பார்த்தார் என்ற கதையை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1838 செப்டம்பரில் கப்பல் இழுக்கப்பட்டது உண்மை. இழுத்தது இரண்டு படகுகள், ஓவியத்தில் ஒன்றுதான். பாய்மரங்களை முன்பே கழற்றியிருந்தார்கள். ஓவியத்தில் கம்பீரமாக நிற்கின்றன. அவர் பார்க்கவே இல்லை என்று இதனால் நிரூபணம் ஆகாது. பார்த்ததை அப்படியே வரையவில்லை என்பது மட்டும் தெளிவு.

சரி, இப்போது உங்கள் ரயில். 1846 டிசம்பரில் மார்கேட்டுக்கு வந்தது தென்கிழக்கு ரயில்வே. வரைபடத்தை எடுத்து அதன் பாதையை விரலால் தொட்டுப் பாருங்கள். லண்டனிலிருந்து தெற்கே ரெட்ஹில், அங்கிருந்து கிழக்கே திரும்பி டன்பிரிட்ஜ், ஆஷ்ஃபோர்ட், அப்புறம் வடக்கே கேன்டர்பரி, ராம்ஸ்கேட், கடைசியில் மார்கேட். மூக்கைச் சுற்றித் தொடுவது மாதிரி. நேர்வழியாக, வடக்குக் கரையை ஒட்டி இன்னொரு கம்பெனி பாதை போட்டது 1863-ல்தான். ஆக, முதல் 17 வருஷம் ரயிலின் வெற்றி முழு வெற்றி இல்லை. இருந்தாலும் அவசரம் உள்ளவன், மழையில் நனைய விரும்பாதவன், குளிர்காலத்தில் வருகிறவன் எல்லோரும் ரயிலுக்குப் போய்விட்டார்கள். கணவன்மாரும் மெல்ல மெல்லப் போய்விட்டார்கள்.

படகில் மிச்சம் இருந்தவர்கள் யார்? படகில் போவதற்காகவே போகிறவர்கள். என் பதிலின் மையம் இதுதான். 1846-க்கு முன் படகு ஒரு சாலை. அதன் பின் அதுவே பொழுதுபோக்கு. மேல்தளத்தில் பேண்டு வாத்தியம், கீழே சாப்பாட்டு அறை, இறால், பீர், ஆற்றின் இருபுறமும் கிரீன்விச், உல்விச், கிரேவ்ஸெண்ட் என்று வேடிக்கை. மார்கேட்டில் இறங்கி இரண்டு மணி நேரம் மணலில் கால் நனைத்துவிட்டு அதே படகில் இருட்டுவதற்குள் திரும்புவது. 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து ஆகஸ்ட் திங்கள் ஒன்று விடுமுறை ஆனதும், குமாஸ்தாவும் கடைப்பையனும்கூட ஒருநாள் கூத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு ஏற்ற துறையும் அதற்குள் வந்திருந்தது. மரத்தை அலையும் கடற்புழுவும் அரித்துவிட்டதால், யூஜீனியஸ் பிர்ச் என்ற இன்ஜினியர் திருகு போல முறுக்கி அடிமண்ணில் இறக்கும் இரும்புத் தூண்களின் மேல் புது ஜெட்டியைக் கட்டினார். அது 1855-ல் திறந்தது. இங்கிலாந்துக் கரை நெடுக அவர் பின்னால் கட்டிய பல உல்லாச ஜெட்டிகளுக்கு இதுதான் முதல்.

இந்த உல்லாசத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1878 செப்டம்பர் 3, மாலை. 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற சக்கரப் படகு (பக்கவாட்டில் சுழலும் பெரிய சக்கரங்களால் நீரைத் தள்ளி ஓடுவது) ஷீர்னெஸ் உல்லாசப் பயணத்திலிருந்து லண்டன் திரும்பிக்கொண்டிருந்தது. அது மார்கேட் படகு அல்ல. ஆனால் அதே ஆறு, அதே மாதிரி ஜனங்கள். உல்விச் அருகே 'பைவெல் காஸில்' என்ற நிலக்கரிக் கப்பல் அதன் பக்கவாட்டில் மோதியது. நாலைந்து நிமிஷத்தில் இரண்டாகப் பிளந்து முழுகியது. கரை தெரியும் தூரம்தான். ஆனாலும் 600-க்கு மேல் இறந்தார்கள். சரியான எண் இன்றுவரை நிச்சயமில்லை, ஏனென்றால் உல்லாசப் படகில் பயணிகள் பட்டியல் என்று ஒன்று எழுதுவதே இல்லை. லண்டனின் சாக்கடைக் கழிவு முழுவதும் ஆற்றில் திறந்துவிடப்பட்ட இடம் அது, அதுவும் திறந்துவிட்ட சற்று நேரத்தில். நீச்சல் தெரிந்தவர்களும் பிழைக்காததற்கு அந்த நீரே காரணம் என்று அப்போதே பேசினார்கள். என்னைக் கேட்டால் கனமான உடைகளும் இருட்டும் நெரிசலுமே போதும். கழிவு அதை மோசமாக்கியிருக்கும்.

இவ்வளவு நடந்தும் படகுகள் பெருத்தன. 1892-ல் 'கோ-இ-நூர்', அடுத்த வருஷம் 'ராயல் சாவரின்', 1894-ல் 'லா மார்கரிட்'. கடைசியாகச் சொன்னது இரண்டாயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, டில்பரியில் கிளம்பி மார்கேட் தொட்டு, பிரான்ஸின் பூலோன் வரை போய் அன்றே திரும்பும். பார்க்க அரண்மனை, ஆனால் நிலக்கரியை விழுங்கித் தள்ளியது. மூன்று மாதக் கோடையில் சம்பாதித்து ஒன்பது மாதம் சும்மா நிற்கும் கப்பலுக்கு அந்தப் பசி கட்டுப்படியாகாது. பத்து வருஷத்தில் வேல்ஸ் கரைக்குப் போய்விட்டது. 1925-ல் வந்த 'க்ரெஸ்டட் ஈகிள்' இந்த விஷயத்தில் கெட்டி. எண்ணெயில் ஓடும், லண்டன் பாலத்துக்குக் கீழே நுழைவதற்காகப் புகைபோக்கியைத் தொலைநோக்கி மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடிப்பகுதியில் சுழலும் விசிறி வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் ஏன் பக்கவாட்டுச் சக்கரத்தையே கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று கேட்பீர்கள். சக்கரக் கப்பலுக்கு இரண்டு மீட்டர் ஆழம் இருந்தால் போதும். ஜெட்டி ஜெட்டியாக நின்று போவதற்குச் சட்டென்று நிற்கவும் பின்வாங்கவும் முடியும். சக்கரப் பெட்டியை ஒட்டித் தளத்தை அகலப்படுத்திக்கொள்ளலாம். கெட்ட குணமும் உண்டு. ஜெட்டி நெருங்கியதும் ஜனம் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடும். கப்பல் சாயும், ஒரு சக்கரம் ஆழமாக முழுகித் திணறும், மற்றது காற்றைத் துழாவும். இதற்காகச் சங்கிலி நிரப்பிய பெட்டிகளை உருளை வைத்துத் தளத்தின் குறுக்கே எதிர்ப்பக்கம் தள்ளிச் சமன் செய்யும் வழக்கம் இருந்தது.

இதை நான் கண்ணால் பார்த்தது 'வேவர்லி'யில். 1946-ல் கிளாஸ்கோவில் நீரில் இறங்கிய சக்கரக் கப்பல். 1974-ல் ஆர்வலர் சங்கம் ஒன்றுக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. தேம்ஸ் பக்கம் வரும்போது டவர் பாலம் அதற்காகத் திறக்கும். சவுத்எண்ட் வரை நான் போன அன்று மேல்தளத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் கீழே இன்ஜினை ஒட்டிய நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். அங்கே சுவர் கிடையாது, கம்பி வேலிதான். சாய்வாகப் படுத்த மூன்று உருளைகள். முதலில் சின்னதில் வேலை செய்த நீராவி நடுவானதுக்குப் போய், அதில் மிஞ்சியது பெரியதுக்குப் போகும். மூன்று கிராங்குகளும் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து விழுகின்றன. டீசல் போலக் காதைப் பிளக்கும் சத்தம் இல்லை. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், சூடான எண்ணெய் வாசனை. என் முதல் கப்பலில் இருந்த மூத்த இன்ஜினியர் ஒருவர் சொல்வார்: பழைய நீராவிக் கப்பல்களில் கிராங்க் சுற்றி வரும் தாளத்துக்குக் கையை நீட்டி, ஒரு நொடி தட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொள்வார்களாம், பேரிங் சூடாகிறதா என்று. அதை அவர் சொன்னபோது எங்களுக்குப் புரளி மாதிரி இருந்தது. அந்த வேலிப் பக்கம் நின்று தாளம் எண்ணிப் பார்த்ததும்தான் முடியும் என்று தோன்றியது. கை மட்டும் நீட்டவில்லை.

கதையின் மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். 1940-ல், இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து படைவீரர்களை மீட்க இந்த உல்லாசக் கப்பல்களே போயின. மார்கேட் ஜெட்டியில் மட்டும் 40,000-க்கு மேற்பட்ட வீரர்கள் இறங்கினார்கள், சுற்றுலாக்காரர்கள் இறங்கிய அதே பலகைகளில். 'க்ரெஸ்டட் ஈகிள்' மே 29 அன்று குண்டு விழுந்து எரிந்து, பிரெஞ்சுக் கரையில் தட்டியது. அதன் இரும்பு எலும்புகள் நீர் நன்றாக வற்றும் நாட்களில் சுயிட்கோட் மணலில் இன்றும் தெரிகின்றன. போருக்குப் பிறகு டீசல் கப்பல்களோடு சேவை மறுபடி தொடங்கியது. ஆனால் வீட்டுக்கு வீடு கார் வந்து, கையில் காசும் வந்து, ஸ்பெயின் வெயிலுக்கு விமானமும் வந்தபோது ஒருநாள் படகுக் கூத்துக்கு ஆள் இல்லை. 1824-ல் தொடங்கிய ஜெனரல் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1966 கோடையோடு நிறுத்திக்கொண்டது. ரயிலால் முடியாததைக் கார் செய்தது என்று சொல்ல வாய் வருகிறது. விமானத்துக்கு எவ்வளவு பங்கு, காருக்கு எவ்வளவு என்று பிரிப்பதில் வாதம் உண்டு. ஜெட்டியை 1978 ஜனவரிப் புயல் தின்றுவிட்டது. கல் அலைதாங்கி மட்டும் நிற்கிறது. அதன் அடியில், திருமதி பூத்தின் விடுதி இருந்த இடத்தில், 2011-ல் டர்னர் பெயரில் ஓவியக்கூடம் திறந்தார்கள்.

உங்கள் தபால் அட்டையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கப்பலின் நடுப்பகுதி பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு, அரைவட்ட மூடியோடு இருந்தால் அது சக்கரக் கப்பல். எந்த வருஷமாகவும் இருக்கலாம். புடைப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் டீசல்தான். அந்த வகையில் முதலாவதான 'குயின் ஆஃப் தி சேனல்' 1935-ல்தான் வந்தது. அப்படியானால் கடைக்காரர் சொன்ன 1930-களில் பாதி கழிந்துவிடும். 1950-களின் படமாகக்கூட இருக்கலாம். முகப்பில் பெயர் தெரிந்தால் எழுதுங்கள்.